ரப்பர் மரப் பலகையில் மின் கித்தார்: ஊர் மண்டபங்களில் ஒரு பட்டறை அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசியத் தோட்டப்புற நகரங்களில் எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வாசகர்கள் பலரும் எழுதி வருகிறார்கள். அக்கருத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் எந்தத் தொழிலை, எந்தப் பொருளைக் கொண்டு, எந்த இடத்தில் கற்றுக்கொடுப்பது என்பதை யாராவது தெளிவாகச் சொன்னால்தான் காரியம் நடக்கும். நாற்காலி, மேசை போன்ற தளவாடங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பலகை உலர்த்தும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், என் கண்ணால் பார்த்ததை வைத்து ஒரு யோசனையை முன்வைக்கிறேன். நம் பிள்ளைகள் மின் கித்தார் செய்யக் கற்றுக்கொள்ளட்டும். அதை நம் ரப்பர் மரப் பலகையிலேயே செய்யட்டும். அதற்குப் பூட்டிக் கிடக்கும் ஊர் மண்டபங்களில் ஓர் அறையைத் திறந்து கொடுப்போம்.

என் தங்கையின் பேரன் சுங்கை சிப்புட்டில் தன் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் மின் கித்தார் ஒன்றைச் செய்யத் தொடங்கியபோது, இசைக்கருவி விற்கும் கடை ஒன்றில் யோசனை கேட்கப் போயிருக்கிறான். ரப்பர் மரம் நாற்காலிக்கும் மேசைக்கும்தான் ஆகும், கித்தாருக்கு வெளிநாட்டு மரம்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாடிய முகத்தோடு வந்த பிள்ளையிடம் நான் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே பேச்சைக் கேட்டு முயற்சியைக் கைவிட்ட பிள்ளைகள் வேறு ஊர்களிலும் இருக்கக்கூடும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோலகங்சாரில், 1877-ஆம் ஆண்டில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டுவைத்த ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அதன் வழியே வந்த தோட்டங்களில்தான் நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் தலைவிளக்கோடு நிரைக்குப் போய்ப் பால் வெட்டினார்கள். ரப்பர் மரத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 வயதாகும்போது பால் குறைந்துவிடுவதால், மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். என் சிறு வயதில் அப்படிச் சாய்த்த மரமெல்லாம் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் அடுப்புக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாகத்தான் போயிற்று. அதைப் பலகையாக அறுத்துப் பயன்படுத்த யாரும் துணியாததற்குக் காரணம் மரத்தின் வலுக்குறைவு அன்று. அந்த மரத்தில் மாவுச்சத்து மிகுதி. அதனால் வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாய்ந்ததுபோல் பூசணம் பிடிக்கும். வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். அறுத்தவுடன் பலகைக்குள் போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்தினால் இந்த இரண்டு தொல்லைகளும் நீங்கிவிடும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகளும் இதற்குத் துணை நின்றன. விறகாக எரிந்த அதே மரம்தான் இன்று மூவார் வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து தளவாடமாகிக் கப்பலேறுகிறது.

உலர்ந்த ரப்பர் மரப் பலகை ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 560 முதல் 640 கிலோ வரை எடை இருக்கும். மின் கித்தாருக்குப் பேர்போன மஹோகனியின் எடையும் இந்த அளவை ஒட்டியதுதான். ரப்பர் மரம் உளிக்கும் இழைப்புளிக்கும் நன்றாக இணங்கும், பசையை நன்றாகப் பிடிக்கும், திருகாணியையும் நன்றாகத் தாங்கும். அகலமான பலகையாகக் கிடைப்பது அரிது என்பது உண்மையே. ஆயினும் 45 மில்லிமீட்டர் கனமுள்ள மூன்று நான்கு துண்டுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டால் கித்தாரின் உடலுக்குப் போதும். பேர்பெற்ற தொழிற்சாலைகளிலும் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டித்தான் உடல் செய்கிறார்கள். தோட்டத்தில் சாய்த்த மரத்தை நேரே அறுத்து எடுத்துவந்து வேலையைத் தொடங்க வேண்டாம் என்பது ஒன்றையே நான் அழுத்திச் சொல்வேன். மருந்தேற்றிச் சூளையில் உலர்த்திய பலகையின் கழிவுத் துண்டுகள் தளவாடத் தொழிற்சாலைகளில் கிடைக்கும். அவற்றையும் வாங்கி வந்தவுடன் அறுக்காமல், சில வாரங்கள் வீட்டுக்குள் அடுக்கிவைத்து, நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பழகவிட்ட பிறகே ஒட்ட வேண்டும்.

அப்படியானால் ஒலி என்னவாகும் என்ற கேள்வி எழும். மரக்கித்தாரில் மேற்பலகையும் ஒலிப்பெட்டியும் சேர்ந்து அதிர்ந்து நாதம் தருகின்றன. கட்டை உடல் கொண்ட மின் கித்தாரில் ஒலிப்பெட்டியே கிடையாது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய பிக்கப் என்னும் சிறு பாகத்துக்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்ததும் படிவம் நான்கு, ஐந்து பௌதிகப் பாடத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் இதே மின்காந்தத் தூண்டல்தான். ஆகவே, கம்பி, பிக்கப், பிக்கப் அமைந்திருக்கும் இடம், உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரை என்னும் பாகத்தின் உறுதி ஆகியவற்றுக்குத்தான் ஒலியில் முதல் பங்கு. உடல் மரத்துக்கு அதற்கு அடுத்த இடத்தைத்தான் நான் தருவேன். அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாலங்குலச் சதுரமுள்ள சாதாரணப் பைன் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி வாசித்தார். பார்ப்பவர்களுக்கு அது கித்தாராகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வேறொரு கித்தாரின் உடலை இரண்டாக அறுத்துக் கட்டையின் இருபுறமும் பொருத்திக்கொண்டார். பைன் கட்டை இசை தந்தபோது ரப்பர் கட்டை தராது என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

கித்தாரின் கழுத்தைப் பற்றி மட்டும் நான் சற்று வேறுவிதமாகச் சொல்வேன். ஆறு கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கிவிட்டால் அவை கழுத்தை இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 47 கிலோ ஆகும். அந்த இழுப்பு இரவும் பகலும் ஓயாது. அதற்காகத்தான் கழுத்துக்குள்ளே ஓர் எஃகுத் தண்டைப் புதைத்து, வளைவைத் திருகித் திருத்தும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே கழுத்துக்கு நேர் இழையோடும் மேப்பிள் போன்ற கடின மரத்தைத் தேடுவதே நல்லது. முதல் கித்தாருக்குச் செய்து முடித்த கழுத்தை வாங்கிப் பொருத்துவதிலும் தவறில்லை. வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை நடத்தியவரும், கித்தார் வாசிக்கத் தெரியாதவருமான லியோ ஃபெண்டர், 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் கித்தாரில் கழுத்தை நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டினார். கழுத்தைத் தனியாகச் செய்து பிறகு பூட்டும் வசதி அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

ஆனாலும் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கழுத்து வேலையைப் போன்ற பாடம் வேறு இல்லை. அது கணக்கில் தொடங்குகிறது. கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் மேல்கட்டையிலிருந்து குதிரை வரை கம்பி அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37 வரும். கழுத்தின் குறுக்கே பதிக்கும் மெட்டுக்கம்பிகளில் (ஃப்ரெட்) முதல் மெட்டு அங்கே. மீதி நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் 34.33, அது முதல் மெட்டுக்கும் இரண்டாவது மெட்டுக்கும் உள்ள இடைவெளி. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு 324 மில்லிமீட்டரில், அதாவது மிகச் சரியாகப் பாதி நீளத்தில் வந்து நிற்கும். பழங்காலத்தில் 18-ஆல் வகுக்கும் வழக்கம் இருந்தது. விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி, 1581-இல் வெளியிட்ட இசை நூலில் அந்த முறையை எழுதிவைத்திருக்கிறார். அப்படி வகுத்தால் பன்னிரண்டாவது மெட்டு பாதி நீளத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் முன்னதாகவே விழுந்துவிடும். கணக்குப் பாடத்தில் மடக்கையும் பெருக்குத் தொடரும் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் பிள்ளை, இந்த இரண்டு மில்லிமீட்டரைத் தன் காதால் கேட்டுவிட்டால் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கமாட்டான்.

குறிக்கும்போது ஒவ்வொரு மெட்டின் தூரத்தையும் மேல்கட்டையிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு என்று அளந்துகொண்டே போனால், ஒவ்வோர் அளவிலும் சேரும் மயிரிழைப் பிழை கடைசியில் பெரும் பிழையாகிவிடும். மெட்டுக்கம்பியின் அடிப்பகுதி இறங்கும் காடி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கலாம். சாதாரண ரம்பத்தால் அறுத்தால் காடி அகலமாகிக் கம்பி ஆடும். என் தங்கையின் பேரன், கழுத்தின் மேல் மெட்டுகள் பதியும் விரல்பலகையின் இருபுறமும் சட்டம் கட்டி, அதற்கென்று உள்ள மெல்லிய ரம்பத்தை அந்தச் சட்டத்தில் சாய்த்து, நிதானமாக அறுத்தான். மெட்டுக்கம்பிகளை அடித்து இறக்கிய பிறகு, ஒவ்வொரு கம்பியின் தலையிலும் மார்க்கர் பேனாவால் மை பூசி, நேரான இரும்புச் சட்டத்தின் அடியில் நைசான உப்புத்தாளை ஒட்டி, மெல்ல மெல்லத் தேய்த்தான். எந்தக் கம்பியில் மை மறையாமல் இருக்கிறதோ அது பள்ளத்தில் இருக்கிறது என்று பொருள். எல்லாக் கம்பிகளிலும் மை ஒன்றுபோல் மறைந்ததும், தட்டையாகிவிட்ட தலைகளை அரத்தால் மறுபடி உருட்டினான். தஞ்சாவூர் வீணைக்கு மெழுகில் 24 மெட்டுகளைப் பதித்து, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுச் சரிசெய்யும் கைவினைஞரின் பொறுமைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

குதிரையைப் பூட்டும் இடமும் அப்படித்தான். துளை போட்டுவிட்டால் திரும்ப வழியில்லை. ஆகவே துளையிடும் முன், மேல்கட்டையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் தையல் நூலை இழுத்துக் குதிரையின் இரண்டு ஓரங்களுக்குக் கட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு நூல்களும் கழுத்தின் விளிம்பிலிருந்து ஒரே அளவு உள்தள்ளி ஓடினால்தான் கழுத்தும் உடலும் நேர்கோட்டில் இருக்கின்றன என்று பொருள். தடித்த கம்பிகளுக்குக் கணக்கிட்ட நீளத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடும்படி குதிரை பின்னோக்கி நகர வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மின்வேலைக்குப் பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. கித்தாருக்குள் வீட்டு மின்சாரம் நுழைவதில்லை. பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சிறிய மின்னழுத்தம்தான். இரண்டு மூன்று திருகு குமிழ்கள், ஒரு மின்தேக்கி, ஒரு பிளக் வாய், நாலைந்து இடத்தில் ஈயப்பற்று என்பதோடு அந்த வேலை முடிந்துவிடும். குதிரையைப் பூமிக் கம்பியோடு இணைத்து, குழிகளின் உட்புறத்தில் செப்புத் தகடு ஒட்டினால் இரைச்சல் குறையும். நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒற்றைச் சுருள் பிக்கப்பில் கேட்கும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து அந்த ரீங்காரத்தை ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் வழியைக் கித்தார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் வகுத்தார். வீட்டு மின்சாரம் புழங்குவது ஆம்ப்ளிஃபையரில்தான். அதை மட்டும் பிள்ளைகள் தாங்களாகச் செய்ய முனையாமல், மூன்று முள் பிளக் உள்ள நல்ல பொருளாகக் கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வால்வு பொருத்திய பழைய ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து, ஏனெனில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

மெருகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மழை வரும் மாலையில் லாக்கர் தெளித்தால் ஈரக்காற்றில் வெண்மை படரும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, காய்ந்த காலைப்பொழுதில் காற்றோட்டமான இடத்தில் முகக்கவசம் அணிந்து செய்தால் போதும்.

இதையெல்லாம் கேட்கும் பெற்றோர் சிலர், படிக்க வேண்டிய வயதில் இது எதற்கு என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு தந்தையையும் மகனையும் காட்டுவேன். பிரிட்டனின் குவீன் இசைக்குழுவில் கித்தார் வாசிக்கும் பிரையன் மே, கித்தார் வாங்க வசதியில்லாத பள்ளிப் பருவத்தில், மின்னணுப் பொறியாளரான தம் தந்தையோடு சேர்ந்து 1963-இல் வீட்டிலேயே மின் கித்தார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பு ஒன்றின் மரச்சட்டத்திலிருந்து கழுத்து வந்தது. விரல்பலகையின் அடையாளப் புள்ளிகளைத் தம் தாயாரின் சிப்பிப் பொத்தான்களில் செய்தார். சுருதியை அசைக்கும் கருவிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் பயன்பட்டன. அதே கித்தாரைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் மேடையில் வாசித்து வருகிறார். படிப்பையும் அவர் விட்டுவிடவில்லை; 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தத் தந்தை செய்ததைச் செய்ய நம் ஊர்த் தந்தையருக்கு மனமில்லாமல் இல்லை. செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டின் குறுகிய பின்கட்டில் ரம்பம் ஓட்டவும் பலகை இழைக்கவும் இடம் இல்லை. இடம் இருந்தாலும் தூசுக்கும் சத்தத்துக்கும் அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கிறார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஆனது. நம் தோட்டப்புற நகரங்களில் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கப்படும் மண்டபங்கள் இருக்கின்றன. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கும் பாலாய் ராயா என்னும் பொது மண்டபங்களும் இருக்கின்றன. அவற்றில் பண்டம் பாத்திரம் அடுக்கும் அறை ஒன்றை ஒதுக்கி, உறுதியான ஒரு மேசை, பலகையை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பட்டறைப் பிடி, பத்துப் பன்னிரண்டு கிளாம்புகள், இழைப்புளி, உளிகள், ரம்பம், கைத்துளைப்பொறி, ஈயம் பற்றவைக்கும் கோல் ஆகியவற்றை வாங்கி வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். மரத்தில் குழி கடையும் ரூட்டர் போன்ற வேகமாகச் சுழலும் கருவிகளைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் எடுக்கவிட வேண்டும். அந்த விதியில் தளர்வே கூடாது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே என்பார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஓய்வுபெற்ற தச்சரும், தளவாடத் தொழிலாளியும், மின் பழுது பார்ப்பவரும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அழைக்காததால்தான் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு மண்டபத்தின் ஆண்டு விழாவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கும் தொகையில் ஒரு பகுதியே இந்தக் கருவிகளுக்குப் போதும் என்பது என் கணிப்பு. கித்தாரில் தொடங்கும் பிள்ளை அதோடு நின்றுவிடுவதில்லை. அதே கையால் நாற்காலி செய்யலாம், கதவு மாட்டலாம், தொழிற்பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இதோ நான் செய்தது என்று ஒரு பொருளைக் காட்டலாம்.

தாங்களும் மனம் வைத்து, ஞாயிறு பதிப்பின் இளைஞர் பகுதியில் இத்தகைய கைவேலைகளுக்கு அளவுகளோடும் படங்களோடும் தொடர்ந்து இடம் ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும். 648 மில்லிமீட்டர் நீளத்துக்கான மெட்டுக் கணக்கு, உடலின் முழு அளவு வரைபடம், ரப்பர் மரத் துண்டுகளைத் தெரிந்தெடுத்து ஒட்டும் முறை ஆகியவற்றை நான் தமிழில் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். அறை ஒதுக்க முன்வரும் சங்கமோ ஆலயமோ தங்கள் அலுவலகத்தின் வழியாகக் கேட்டால் நகல் அனுப்பிவைக்கிறேன். பேராக் மாநிலத்துக்குள் எந்த ஊராக இருந்தாலும் முதல் உடலை ஒட்டும் நாளன்று நேரில் வந்து நிற்கவும் எனக்குச் சம்மதமே.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.